கடலில் சிக்குகிற இடம்

ஊரூர் குப்பத்திலிருந்து தி.நகர் வரைக்கும் முத்துமாரி அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஆட்டோக்காரர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், கீழே வைம்மா, கால் மரத்துப்போகும் என்று. அவள் வைக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் இருந்த திருகு ஒவ்வொன்றும் அவள் புருஷன் பிரசாத் முடுக்கியது. பிரசாத் கடலுக்குப் போய் அன்றைக்கு அறுபத்திரண்டாவது நாள்.

நண்டு வலையை எடுத்துவருகிறேன் என்று விடிகாலையில் தனியாகத்தான் போனான். பக்கத்திலேயே போட்ட வலை, ஒரு மணி நேர வேலை. பத்து மணிக்கு அவன் படகு மட்டும் திருவான்மியூர் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. என்ஜின் அணைந்திருந்தது. சாப்பாட்டுத் தூக்கு மூடி திறக்காமல் இருந்தது. ஆள் இல்லை, வலையும் இல்லை.

உடல் கிடைக்காதவனுக்கு அந்தக் குப்பத்தில் மூன்று அமாவாசை பொறுப்பார்கள். பிறகு அவன் மனைவி பஞ்சாயத்தார் முன்னால் வந்து நின்று, அவர் போய்விட்டார் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். பெற்றவள் சொன்னால் செல்லாது. கூடப் பிறந்தவர்கள் சொன்னாலும் செல்லாது. அவள் சொன்னால்தான் கருமாதிக்கு நாள் குறிப்பார்கள். அதுவரைக்கும் போனவன் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பான், உள்ளே வரவும் மாட்டான், அந்தப் பக்கம் போகவும் மாட்டான் என்பது அவர்கள் பேச்சு. இரண்டு அமாவாசை கழிந்துவிட்டது. மூன்றாவதற்கு இன்னும் மூன்று வாரம்தான். முத்துமாரிக்குச் சொல்ல வாய் வரவில்லை. எங்கே இருக்கிறான் என்று தெரியாதவனை எப்படிப் போய்விட்டான் என்று சொல்வது?

இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பிரசாத்துக்கு ஒரு விளையாட்டு உண்டு. படகு ஓட்டுகிற விளையாட்டு. வெறும் கடலும் ஒரு படகும் கொடுப்பார்கள், கரையை நாமே கட்டிக்கொள்ளலாம். அவன் இரண்டு வருஷமாக, கடலுக்குப் போகாத நேரமெல்லாம் உட்கார்ந்து, அடையாற்று முகத்துவாரத்திலிருந்து திருவான்மியூர் வரைக்கும் நம் கரையை அப்படியே கட்டியிருந்தான். உடைந்த பாலம், அஷ்டலட்சுமி கோயில், குப்பத்துச் சந்து, சந்துமுனைத் தண்ணீர் டிரம், அவன் வீடு, வீட்டுக்குள் இந்தக் கம்ப்யூட்டர் மேஜை. நிஜக் கடலில் படகேறாத முத்துமாரி அந்தக் கடலில் அவனைவிட நன்றாகப் படகு ஓட்டினாள். மீன் விற்றுவிட்டு வந்து, கை கழுவின ஈரத்தோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

அவன் காணாமல் போன முந்தின நாள் இரண்டு பேருக்கும் ஒரு சண்டை. கிராபிக்ஸ் கார்டு மாற்ற வேண்டும் என்றான் அவன். தண்ணீர் பச்சைச் சாயம் மாதிரி தெரிகிறது, உள்ளே பார்க்க முடியவில்லை என்று. ப்ராசசரை மாற்று, படகு நகரவே மாட்டேன் என்கிறது என்றாள் இவள். இரண்டில் ஒன்றுதான் முடியும். சண்டை முடியவில்லை. வந்து பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டு அவன் தூங்கப் போனான்.

அவன் போன பிறகு ஒரு மாதம் அவள் அதைத் தொடவில்லை. தொட்ட நாளில்தான் கண்டாள், நடுக்கடலில் ஒரு இடத்தில் படகு நின்று நின்று போனது. முன்னே அங்கே அப்படி இருந்ததில்லை.

புஷ்ராவின் கடை ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால், பாத்திரக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பெண். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, வாயில் ஒரு திருகைக் கவ்விக்கொண்டு வேலை செய்கிறவள்.

"இன்னாக்கா பிரச்சன?"

"சிக்குதும்மா."

"சிக்குதுன்னா, ஹேங் ஆவுதா?"

"நின்னு நின்னு போவுது. வலை சிக்குமே, அந்த மாதிரி."

புஷ்ரா திருகை வாயிலிருந்து எடுத்தாள். "நம்ம கடைல யாரும் இப்படிச் சொன்னதில்லக்கா. ப்ராசசர் மாத்தணுமா கார்டு மாத்தணுமான்னுதான் கேப்பாங்க."

"அதத்தான் கேக்க வந்தேன். ரெண்டுல எது?"

புஷ்ரா பெட்டியை மேஜையில் ஏற்றி இணைத்தாள். திரையின் ஓரத்தில் சில எண்கள் ஓடும்படி செய்தாள். "பாருங்க. இது கார்டு. படம் வரையுறது அதோட வேல. இது ப்ராசசர். எது எங்க கீது, எது எப்ப நகரணும்னு கணக்கு போடுறது அது. உள்ள நாலு பேரு ஒக்காந்து வேல செய்றாங்கன்னு வச்சுக்குங்க. எது மூச்சு வாங்குதோ அத மாத்தணும். அவ்ளோதான் விஷயம்."

சந்துக்குள் போனபோது கார்டு மூச்சு வாங்கியது. அத்தனை வீடுகளை வரைய வேண்டுமே. கடலுக்கு வந்ததும் இரண்டும் அடங்கின. முத்துமாரி படகைக் கிழக்கே விட்டாள். கொஞ்ச தூரம் போனதும், "இங்கதான்" என்றாள்.

திரை நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம். நகர்ந்தது. மறுபடி நின்றது.

"நூறு" என்றாள் புஷ்ரா. "நாலு பேருமே நூறு. கார்டு தூங்குது பாருங்க." படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தாள். அப்படியும் சிக்கியது. "அப்ப ப்ராசசர்தான்க்கா, சந்தேகமே இல்ல." சொல்லிவிட்டு அவள் நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டுக் குனிந்தாள். பார்வையை நாலா பக்கமும் திருப்பினாள். தண்ணீர், தண்ணீர், தூரத்தில் கரை. "ஆனா எதுக்கு? இங்க ஒண்ணுமே இல்லியே. யாரத் தூக்கிக்கினு இப்படி ஓடுறாங்க நாலு பேரும்? இந்தக் கரைய யாரு கட்னது?"

"எங்க வீட்டுக்காரரு."

"இங்க எதையாவது ஒளிச்சு வச்சிருக்காரான்னு கேளுங்க."

"கேக்குறேன்" என்றாள் முத்துமாரி.

"இப்ப எதையும் வாங்காதீங்க. ஒரு பத்து நாளு ஓட்டிப் பாருங்க. சிக்குறது எந்த இடம்னு தெனமும் குறிச்சு வைங்க. ஒரே இடம்னா கரையக் கட்னதுல தப்பு, எதப் போட்டாலும் வீண்."

நடுக்கடலில் இடத்தை எப்படிக் குறிப்பது என்று நாம் திகைப்போம். கடற்கரைக்காரர்களுக்கு அது பெரிய காரியமில்லை. கரையில் முன்னும் பின்னுமாக நிற்கிற இரண்டு பொருள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நேர்படுகிற கோடு ஒன்று. வேறு இரண்டு நேர்படுகிற கோடு இன்னொன்று. இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வலை விடுவார்கள். அடியில் கிடக்கிற பாறைக்குப் பார் என்று பெயர். வலை சிக்குகிற பார்களையெல்லாம் இப்படித்தான் அப்பனும் மகனும் மனசில் குறித்து வைத்திருப்பார்கள்.

முத்துமாரியின் தம்பி விக்கி மறுநாள் மதியம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனும் கடலுக்குப் போகிறவன். வாசலில் மாமியார் கங்கம்மா காலை நீட்டி உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இரண்டு மாதமாக அவள் உட்காருகிற இடம் அதுதான்.

"நிறுத்துக்கா, நிறுத்து. ஒடஞ்ச பாலத்துத் தென்முனைல அடையாத்துத் தோப்பு உச்சி வந்து ஒக்காந்துகீது. அஷ்டலட்சுமி கோபுரத்து மேல செல்போன் டவரு. எழுதிக்கோ." அவன் திருப்தியாகச் சாய்ந்தான். "அடில பார் கீது. வேற இன்னா?"

"கேம்ல ஏதுடா பாரு?"

"மாமா வச்சிருப்பாரு. குப்பத்துத் தண்ணி டிரம்ம கூட வுடல, பார மட்டும் வுட்டுடுவாரா?"

அடுத்த நாள் அதே இடத்துக்குப் போனாள். படகு வழுக்கிக்கொண்டு போனது. சிக்கவில்லை. அரை மணி நேரம் தேடினாள். வடக்கே, பாலத்துக்கு நேராக, சிக்கியது. விக்கி எழுந்து நின்றுவிட்டான்.

"பாரு நடக்காதுக்கா."

மூன்றாம் நாள் இன்னும் வடக்கே. நாலாம் நாள் தெற்கே திரும்பி, கோயிலுக்கு நேரே. அவள் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தாள். தெற்கேயிருந்து வடக்கே இழுக்கிற தண்ணீரைத் தெண்டி என்பார்கள், வடக்கேயிருந்து தெற்கே இழுப்பதை வன்னி என்பார்கள். ஐந்தாம் நாள் காலையில் விக்கி படகை விட்டு இறங்கி வந்ததும், அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் கேட்டாள்.

"இன்னிக்கி வன்னிதானே? இழுப்பு ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான். வலையே தெக்கால போய்ட்ச்சு. உனக்கு எப்டித் தெரியும்?"

அவள் தாளைக் காட்டினாள். தெண்டி அடித்த நாளெல்லாம் அது வடக்கே போயிருந்தது. வன்னி அடித்த நாளெல்லாம் தெற்கே. அந்த விளையாட்டில் நீரோட்டமே கிடையாது. என்ஜினை அணைத்துவிட்டுப் போய்ச் சோறு தின்றுவிட்டு வந்தாலும், படகு ஆணியில் மாட்டின படம் மாதிரி அதே இடத்தில் இருக்கும். அப்படி அணைத்துவிட்டுப் போயும் அவள் பார்த்துவிட்டாள்.

விக்கி நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே நல்ல வெயில். ஐஸ் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு போனார்.

"ஆளு தண்ணில போனா இப்டித்தாங்க்கா போவும்" என்றான்.

மறுநாள் அவன் யாரிடமும் சொல்லாமல், அவள் அன்றைக்கு எழுதிக்கொடுத்த இரண்டு கோட்டையும் வைத்துக்கொண்டு நிஜக் கடலுக்குப் போனான். பாலத்தின்மேல் தோப்பு உச்சி, கோபுரத்தின் வலது தோளில் டவர். வலையை விட்டான். சிக்கியது. இழுத்ததும் மேலே வந்தது ஒரு நண்டு வலை, பாதி அறுந்து, பாசி பிடித்து. மிதவைகள் நீல நிற ரப்பர் துண்டுகள். முத்துமாரியின் பழைய செருப்பை வெட்டிப் பிரசாத் கட்டின மிதவைகள் அவை. வலையில் வேறொன்றும் இல்லை.

கங்கம்மா அந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு மதியம் முழுக்க ஒவ்வொரு கண்ணாகத் தடவிக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"மாரி."

"இன்னாத்தே."

"வலை வந்துட்ச்சு. இன்னும் இன்னாத்துக்கு நீ வாய மூடிக்கினு கீறே?"

"வலைதானே வந்துச்சு."

"எம்புள்ள இத்தினி நாளா தண்ணில நின்னுகினு கீறான். கால் நோவாதா அவனுக்கு? நீ ஒரு வார்த்த சொன்னா போவான். சொல்ல மாட்டேங்குற." கங்கம்மா குரல் உயரவில்லை. "பொட்டு போய்டும்னு பாக்குறியா?"

"பொட்டுக்கு இன்னாத்தே. எங்க கீறாருன்னு தெரியணும். தெரிஞ்சா சொல்லிடுவேன்."

"வூட்டுக்குள்ள பொட்டியாண்ட ஒக்காந்துகினா தெரிஞ்சிடுமா?"

வலை கிடைத்த பிறகும் அந்தக் கடலில் சிக்கல் போகவில்லை. வலை இல்லாமல் லேசாகிவிட்டதைப் போல இப்போது அது கொஞ்சம் வேகமாக நகர்ந்தது.

வெள்ளிக்கிழமை அது முகத்துவாரத்துக்கு வெளியே இருந்தது. சனிக்கிழமை அலை உடைகிற இடத்தில். ஞாயிற்றுக்கிழமை அவள் கடல் முழுக்கத் தேடினாள், வடக்கேயும் தெற்கேயும், பாலத்திலிருந்து திருவான்மியூர் வரை. எங்கேயும் சிக்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. படகைக் கரைக்குக் கொண்டுவந்து, இறங்கி, மணலில் நாலு எட்டு வைத்தாள். திரை நின்றது.

பயப்படுகிறதற்கு என்ன இருக்கிறது, பட்டப்பகல், பக்கத்து வீட்டில் குக்கர் கூவுகிறது. அவள் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அடுத்த நாள் நேரே சந்துக்குப் போக அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் டிரம்மண்டை சிக்கியது. வீடுகளை வரைகிறதால் இருக்குமோ என்று ஓரத்து எண்களைப் பார்த்தாள். கார்டு சாதாரணமாகத்தான் இருந்தது. ப்ராசசரில் நாலு பேரும் நூறு.

செவ்வாய்க்கிழமை வீட்டு வாசலில் சிக்கியது. புதன்கிழமையும் வாசலில். வியாழக்கிழமையும். அதற்கு மேல் நகரவில்லை. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஒரு எட்டு போகவில்லை. வாசற்படிக்கு வெளியே அப்படியே நின்றது.

அந்த மூன்று நாளும் நிஜ வாசலில் கங்கம்மா உட்கார்ந்திருந்தாள், அதே இடத்தில். வியாழக்கிழமை மதியம் முத்துமாரி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். விக்கியும் இருந்தான். கங்கம்மா கேட்டுமுடிக்கிற வரைக்கும் திரும்பவே இல்லை. தனக்கு இடது பக்கம், வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கியா?"

"அங்க, கேம்ல."

"அதான் இங்கியான்னு கேக்குறேன்."

"ஆமாத்தே."

"அந்தக் கார்டு போட்டா மொகம் தெரியுமா?"

முத்துமாரி விக்கியைப் பார்த்தாள். அவன்தான் பதில் சொன்னான். "தெரியும்னுதான் நெனைக்கிறேன் ஆயா. மாமாவே அதத்தானே வாங்கணும்னு சொல்லிக்கினு இருந்தாரு. வாங்கிடலாம்க்கா. ஒரு தடவ பாத்துட்டா தெரிஞ்சிடும். நீயும் நிம்மதியா சொல்லலாம்."

"எம்புள்ள மொகத்த ஒரு தபா பாக்கணும்" என்றாள் கங்கம்மா. "எப்டி இருந்தாலும் செரி."

எப்படி இருக்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும். எட்டு வயதில் முத்துமாரி கடற்கரையில் ஒருவரைப் பார்த்திருக்கிறாள். ஒன்பது நாள்தான் தண்ணீரில் இருந்தவர். பெரியவர்கள் வேட்டி போட்டு மூடுவதற்குள் பார்த்துவிட்டாள். அவருக்கு முன்னே ஒரு முகம் இருந்தது, இவளுக்குக் கமர்கட் வாங்கிக்கொடுத்த முகம். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. மீன் முதலில் எதைக் கொத்தும் என்று மீன் விற்கிறவளுக்குத் தெரியாதா? பிரசாத் போய் எண்பது நாள் ஆகிவிட்டது.

அவள் புஷ்ராவுக்குப் போன் செய்தாள். இந்த முறை மறைக்கவில்லை. வீட்டுக்காரர் காணாமல் போனதைச் சொன்னாள், தெண்டியையும் வன்னியையும் சொன்னாள், வலையைச் சொன்னாள், வாசலைச் சொன்னாள். அந்தப் பக்கம், கீழே பாத்திரக் கடையில் யாரோ தட்டுகளை அடுக்குகிற ஒலி மட்டும் கேட்டது.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன்க்கா" என்றாள் புஷ்ரா. "எனக்கு இதெல்லாம் தெரியாது. கம்ப்யூட்டர் மட்டும்தான் தெரியும். அத சொல்லட்டா?"

"அத சொல்லு."

"கார்டு போட்டா எல்லாம் தெளிவாயிடும். தண்ணிக்குள்ள தெரியும், நெழல்ல கீறது தெரியும். எது கீதோ அத அப்டியே வரைஞ்சிடும். வேணாம்னாலும் வரையும். ப்ராசசர் போட்டா படம் இப்ப எப்டியோ அப்டியேதான். ஆனா சிக்காது. இப்ப உங்க மெஷினால அதத் தூக்க முடியலக்கா. நாலு பேரும் சேந்து புடிச்சும் முடியல. அதான் நின்னு நின்னு வருது. பெரிய ப்ராசசர்ல எட்டுப் பேரு. அது பாட்டுக்கு வந்துடும்."

"வருதுன்னா சொன்னே?"

புஷ்ரா கொஞ்சம் யோசித்தாள். "அப்டியா சொன்னேன்?" என்றாள்.

முத்துமாரி போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். கங்கம்மாவுக்கு வலது பக்கம் உட்கார்ந்தாள். இடது பக்கம் உட்கார அவளுக்கு மனசு வரவில்லை.

"அத்தே. இப்ப கண்ண மூடினா உங்களுக்கு அவரு எப்டி தெரியுறாரு?"

"எப்டின்னா? எப்பயும் போலத்தான். சேப்பு பனியன் போட்டுக்கினு, பல்லக் குச்சியால குத்திக்கினு." கங்கம்மாவின் வாய் கோணியது. "சனியன், சோறு துன்னதும் அதான் மொத வேல அவனுக்கு."

"அது போதும் எனக்கு."

"எனக்குப் போதாது. நான் பெத்தவ."

"தெரியும்த்தே. ஆனா ஒரு தபா பாத்துட்டா இந்த சேப்பு பனியன் போய்டும். திரும்ப வராது. அப்புறம் காலம் முழுக்க அந்த மொகந்தான். அவருக்கும் அது புடிக்காது. சவரம் பண்ணாம ரேஷன் கடைக்குக் கூட போவ மாட்டாரு."

அலை இரண்டு மூன்று அடித்து ஓய்ந்தது. பிறகு, "வாசல்லியே நிக்கிறானே" என்றாள் கங்கம்மா.

"உள்ள வர வைக்கிறேன்" என்றாள் முத்துமாரி.

வெள்ளிக்கிழமை அவள் மறுபடி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தி.நகர் போனாள். ப்ராசசர் என்றாள். புஷ்ரா ஏன் என்று கேட்கவில்லை. பழையதைக் கழற்றி, பசையைத் துடைத்து, புதியதை அதன் குழியில் வைத்தாள். மூடியைத் தாழ்த்துவதற்கு முன்னால் அவள் உதடு என்னவோ முணுமுணுத்தது. துவாவாக இருக்கலாம், முத்துமாரி கேட்கவில்லை. பழையதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு நீட்டினாள்.

"இது உங்களுக்கு வேணுமாக்கா?"

"வேணாம்மா. நீயே வச்சுக்கோ."

"நான் வச்சுக்க மாட்டேன்" என்றாள் புஷ்ரா. மென்மையாகத்தான் சொன்னாள். முத்துமாரி அதையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, மூன்றாம் அமாவாசை. காலையில் குளித்துவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். ஓரத்தில் இப்போது எட்டுக் கட்டங்கள், எட்டுப் பேருக்கு. கடலில் படகை விட்டாள். நெய்யில் கத்தி இறங்குகிற மாதிரி போனது. பாலம், கோயில், முகத்துவாரம், எங்கேயும் சிக்கவில்லை. எட்டுப் பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இல்லாமலே போய்விட்டதா? அவசரப்பட்டுத் துரத்திவிட்டேனா?

கரைக்கு வந்து இறங்கி, மணலைத் தாண்டி, சந்துக்குள் போனாள். தண்ணீர் டிரம். பக்கத்து வீட்டுப் படி. அவள் வீட்டு வாசல். வாசலிலும் சிக்கவில்லை. படியில் ஏறி உள்ளே போனாள்.

ஏழு பேர் சும்மாதான் இருந்தார்கள். எட்டாவது கட்டம் மட்டும் மெல்ல மேலே ஏறி, நூறில் நின்றது.

பிரசாத் கட்டின அந்த அறையில் கட்டில் இருந்தது, டி.வி. இருந்தது, கம்ப்யூட்டர் மேஜையும் அதற்கு முன்னால் இரண்டு நாற்காலியும் இருந்தன. நாற்காலிகள் காலியாகத்தான் தெரிந்தன. பழைய கார்டு அல்லவா, அதற்குத் தெரிந்தவரைக்கும் வரைந்திருந்தது. முத்துமாரி பார்வையைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள். வெளியே சந்துக்குப் போய்ப் பார்த்தாள், அந்த ஒருவரும் ஓய்ந்துவிட்டார். உள்ளே வந்தாள், மறுபடி நூறு. மூன்று தடவை போய்ப் போய் வந்தாள். நாலாவது தடவை போகவில்லை. அவ்வளவு தூரம் நடந்து வந்த மனுஷனைச் சோதித்துக்கொண்டேயிருப்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் உட்கார்ந்திருந்த நிஜ நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருந்தது. அவள் அந்தப் பக்கமும் திரும்பவில்லை. திரையில் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

"ப்ராசசர்தான் வாங்கினேன்" என்றாள் சத்தமாக. "கோச்சிக்காத."

பிறகு எழுந்து, புடவையை மாற்றிக்கொண்டு, நெற்றியில் பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. வாசலில் கங்கம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"வந்துட்டானா?"

"வந்துட்டாரு. நான் போய் சொல்லிட்டு வந்துடுறேன்."

கங்கம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அத்தனை நாளைக்குப் பிறகு முதல் தடவையாக எழுந்து, கையை ஊன்றி ஊன்றி, வீட்டுக்குள் போனாள்.

வலைக்கூடத்தில் பஞ்சாயத்தார் ஐந்தாறு பேர் நீளப் பெஞ்சில் உட்கார்ந்து வலை முடைந்துகொண்டிருந்தார்கள். அமாவாசை என்று இரண்டு பேர் வெள்ளை வேட்டியில் இருந்தார்கள். பன்னிரண்டு மணி வெயில், மணல் தகித்தது. முத்துமாரி வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. எதற்கு வருகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றாள். போய்விட்டார் என்கிற அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும். நாக்கு அதைத் தொட்டுப் பார்த்து விட்டுவிட்டது. அது பொய்யாகவும் இருந்தது.

"எங்க வூட்டுக்காரரு வூடு வந்து சேந்துட்டாரு" என்றாள். "இனிமே நல்லபடியா அனுப்பி வைக்கணும். நாளு குறிங்க."

அப்படி ஒரு வார்த்தையை இதுவரைக்கும் அந்த இடத்தில் யாரும் சொன்னதில்லை. ஓரத்தில் இருந்தவர் ஊசியை வலையிலேயே குத்திவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் பெரியவரைப் பார்த்தார். பெரியவருக்கு எழுபது வயதிருக்கும், கண்ணில் புரை. அவர் முத்துமாரியைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில் பார்த்தார். ஒரு ஆள் உயரத்தில்.

"குறிச்சுடலாம்மா" என்றார். "வெயில்ல நிக்க வேணாம். ஒக்காருங்க."

சொல்லிக்கொண்டே பெஞ்சில் நகர்ந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் நகர்ந்தார், அவருக்கு அடுத்தவரும் நகர்ந்தார், ஏன் என்று யோசிக்காமல், கை வலையை விடாமல். முத்துமாரி உட்கார்ந்தாள். அவர்கள் விட்ட இடத்தில் பாதியைத்தான் அவள் அடைத்துக்கொண்டாள். மிச்சப் பாதிக்கு யாரும் திரும்ப நகர்ந்து வரவில்லை.